கொள்ளையனுக்குச் சாதி கொடுத்த சினிமா

‘தீரன் அதிகாரம் ஒன்று’ 2017 நவம்பரில் வந்த படம். இன்றைக்கும் தொலைக்காட்சியில் போட்டால் குடும்பத்தோடு உட்கார்ந்து பார்க்கிறார்கள். வடமாநிலத்தவர் மீது சந்தேகம் விழும் கொள்ளை எங்கே நடந்தாலும் ‘தீரன் பட பாணியில்’ என்று தலைப்புப் போடுவது செய்தி ஊடகங்களுக்கு வழக்கமாகிவிட்டது. 2023 பிப்ரவரியில் நம் திருவண்ணாமலை மாவட்டத்தில் ஒரே இரவில் நான்கு ஏடிஎம்களை காஸ் வெல்டிங் மூலம் அறுத்து 70 லட்சத்துக்கும் மேல் அள்ளிச் சென்றார்கள். தனிப்படை ஹரியானா வரை போனது. அப்போது டீக்கடைகளில் வழக்கு பற்றிப் பேசியதைவிட அந்தப் படத்தைப் பற்றிப் பேசியதுதான் அதிகம். ஒரு படம் மக்கள் மனதில் ஆதாரத்தின் இடத்தைப் பிடித்துவிட்டால், அதைப் பற்றி எத்தனை ஆண்டு கழித்தும் பேசித்தான் ஆக வேண்டும்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுவோம். இது சோம்பேறித்தனமாக எடுக்கப்பட்ட படம் இல்லை. இயக்குநர் ஹெச். வினோத் நிறைய உழைத்திருக்கிறார். கைரேகையை மாநிலம் மாநிலமாக ஒப்பிடும் வேலை, பணமும் வசதியும் இல்லாமல் ஊர் ஊராக அலையும் காவலர்களின் அவதி, உழைத்தவனைக் கடைசியில் ஓரங்கட்டும் நிர்வாகம் என்று எல்லாவற்றையும் விசாரித்து எழுதியிருக்கிறார். ஏமாற்றம் அங்கிருந்துதான் தொடங்குகிறது. போலீஸ்காரரின் வீட்டுக்குள் இவ்வளவு தூரம் போன ஒருவர், எதிர்த்தரப்பின் வாசல் வரைக்கும்கூடப் போகவில்லை.

படத்தின் அடிப்படை உண்மைச் சம்பவங்கள். 1995 முதல் 2005 வரை நெடுஞ்சாலையோர வீடுகளில் புகுந்து கொடூரமாகக் கொன்று கொள்ளையடித்த கும்பல் ஒன்று இருந்தது. 2005 ஜனவரியில் கும்மிடிப்பூண்டி அதிமுக சட்டமன்ற உறுப்பினர் சுதர்சனம் கொல்லப்பட்ட பிறகு, எஸ்.ஆர். ஜாங்கிட் தலைமையிலான தனிப்படை வடமாநிலங்களுக்குப் போய்க் குற்றவாளிகளைப் பிடித்தது. ‘ஆபரேஷன் பவாரியா’ என்று அதற்குப் பெயர். இறந்தவர்களின் குடும்பங்களுக்கு நீதி வேண்டும் என்பதில் நமக்கு எந்த மாற்றுக் கருத்தும் இல்லை. கொலை செய்தவர்களுக்காக இங்கே யாரும் வக்காலத்து வாங்கவில்லை.

ஆனால் அந்தப் பெயரைக் கொஞ்சம் கவனியுங்கள் தோழர்களே. பவாரியா என்பது கும்பலின் பெயர் இல்லை. ராஜஸ்தான், ஹரியானா, உத்தரப் பிரதேசம், பஞ்சாப் என்று பல மாநிலங்களில் பரவி வாழும் ஒரு சமூகத்தின் பெயர். சில மாநிலங்களில் பட்டியல் சாதியில் இருப்பவர்கள். அதில் விவசாயக் கூலி உண்டு, காவல் வேலை பார்ப்பவர் உண்டு, பள்ளிக்கூடம் போகும் குழந்தை உண்டு. தமிழ்நாட்டில் ஒரு கொலைகாரக் கும்பலைப் பிடிக்கும் நடவடிக்கைக்கு ‘ஆபரேஷன் முதலியார்’ என்றோ ‘ஆபரேஷன் ரெட்டியார்’ என்றோ பெயர் வைக்க எந்த அதிகாரிக்காவது துணிச்சல் வருமா?

படம் இந்தப் பிழையை இன்னும் பெரிதாக்குகிறது. அந்தச் சமூகத்தின் வரலாற்றைச் சொல்லவென்றே ஒரு பகுதி வருகிறது. அந்த வரலாறு, வன்முறை அவர்கள் ரத்தத்தில் எப்படி வந்தது என்பதை விளக்கவே பயன்படுகிறது. எல்லோரும் புகழும் அந்தப் பேருந்துச் சண்டைக் காட்சியில் ஒரு ஊரே திரண்டு வந்து போலீஸைத் தாக்குகிறது. பார்வையாளருக்குக் குற்றவாளி யார், ஊர்க்காரர் யார் என்ற வேறுபாடு தேவைப்படவே இல்லை. படம் வந்தபோதே சீர்மரபினரிடமிருந்து எதிர்ப்பு எழுந்தது. பொதுப்புத்தி அதைக் காதில் வாங்கவில்லை.

இதே வகைப் படத்தை அமெரிக்காவில் எப்படி எடுத்தார்கள் என்று பார்ப்போம். மைக்கேல் மேன் இயக்கி 2009-இல் வந்த ‘பப்ளிக் எனிமீஸ்’, 1930-களின் பொருளாதாரப் பெருமந்தக் காலத்து வங்கிக் கொள்ளையன் ஜான் டிலிஞ்சரையும் அவனைத் துரத்திய அதிகாரி மெல்வின் பர்விஸையும் பற்றியது. அதுவும் நமக்கு ஏமாற்றம் தந்த படம்தான். ஆயிரக்கணக்கான வங்கிகள் திவாலாகி, உழைத்தவர்களின் சேமிப்பு காணாமல் போன காலம் அது. வங்கியைக் கொள்ளையடித்தவனைச் சனம் ரசித்தது என்றால் அதற்குக் காரணம் அந்தப் பசி. படத்தில் அந்தப் பசி இல்லை. நல்ல கோட்டும் துப்பாக்கியும் பழைய கார்களும் இருக்கின்றன.

அப்படிப்பட்ட படத்தில்கூட டிலிஞ்சருக்கு ஒரு பெயர் இருக்கிறது, காதல் இருக்கிறது, பயம் இருக்கிறது. 1934 ஜூலை 22 அன்று சிகாகோவில் ஒரு திரையரங்கில் படம் பார்த்துவிட்டு வெளியே வரும்போது சுட்டுக் கொல்லப்பட்டான். அவன் இண்டியானா மாநிலத்து வெள்ளைக்காரன். அவன் கொள்ளையடித்தான் என்பதற்காக இண்டியானா வெள்ளையர்களைக் ‘குற்ற இனம்’ என்று யாரும் பதிவேட்டில் எழுதவில்லை. ஆனால் அதே நாட்டில், அதே மந்தக் காலத்தில், 1931-இல் அலபாமா மாநிலத்தின் ஸ்காட்ஸ்பரோவில் ஒன்பது கறுப்பினச் சிறுவர்கள், இளைஞர்கள் மீது பொய்யான பாலியல் வல்லுறவுக் குற்றம் சுமத்தப்பட்டது. வெள்ளையர் மட்டுமே இருந்த ஜூரி எட்டுப் பேருக்கு மரண தண்டனைக்கு வழி செய்தது. வெள்ளைக்காரன் செய்த குற்றம் அவனோடு போனது. கறுப்பர் செய்யாத குற்றம் இனத்தின் மீதே ஏறியது. தனிமனிதனாகப் பார்க்கப்படுவதே ஒரு சலுகை என்பதை இதைவிடத் தெளிவாகச் சொல்ல முடியாது.

நம் நாட்டில் அந்தச் சலுகையை மறுக்கச் சட்டமே இருந்தது. 1871-இல் குற்றப் பழங்குடிகள் சட்டம் வந்தது. 1911-இல் திருத்தப்பட்டு சென்னை மாகாணத்துக்கும் நீட்டிக்கப்பட்டது. பதிவேட்டில் பெயர், கைரேகை, ஊர் விட்டு ஊர் போக அனுமதி என்று பிறந்த குழந்தைக்கும் குற்றம் பிறப்பிலேயே எழுதப்பட்டது. தென்மாவட்டங்களில் அதை ரேகைச் சட்டம் என்றே அழைத்தார்கள். அதை எதிர்த்துத்தான் 1920 ஏப்ரல் 3 அன்று பெருங்காமநல்லூர் மக்கள் துப்பாக்கிச் சூட்டுக்குப் பலியானார்கள். படத்தில் கதாநாயகன் கையில் அறிவியலாக மின்னும் அதே கைரேகை, இந்த மக்களின் பாட்டன் பூட்டன் வாழ்க்கையில் விலங்காக இருந்தது. சென்னை மாகாணம் 1947-இல் அந்தச் சட்டத்தை நீக்கியது. நாடு முழுக்க 1952 ஆகஸ்ட் 31 அன்று நீங்கியது. அதற்குப் பதிலாக ‘வழக்கமான குற்றவாளிகள்’ சட்டங்கள் வந்து உட்கார்ந்துகொண்டன.

தீண்டத்தகாதார், பழங்குடிகள், குற்றப் பழங்குடிகள் என்று முத்திரை குத்தப்பட்டவர்கள் ஆகிய மூன்று பிரிவினரையும் அண்ணல் அம்பேத்கர் 1948-இல் வெளியான தன் நூலின் முன்னுரையில் ஒன்றாக வைத்துப் பேசினார். இந்த நாகரிகம் பெற்றெடுத்த மூன்று சமூகங்கள் என்பது அவர் பார்வை. எனவே ‘இது சீர்மரபினர் பிரச்சினை, தலித் இயக்கத்துக்கு இதில் என்ன’ என்று கேட்பவர்கள் அண்ணலைத் திரும்பப் படிக்க வேண்டும்.

‘சினிமாதானே, இதைப் போய்ப் பெரிதுபடுத்துவதா?’ என்று மாணவர்கள் கேட்கிறார்கள். 2018 மே மாதம், நம் மாவட்டத்துப் போளூர் அருகே அத்திமூரில் நடந்ததை நினைத்துப் பாருங்கள். குலதெய்வம் கோயிலுக்குச் சென்னையிலிருந்து காரில் வந்த குடும்பத்தைக் குழந்தை கடத்த வந்தவர்கள் என்று ஒரு கூட்டம் அடித்தது. குழந்தைகளுக்கு சாக்லேட் கொடுத்ததுதான் அவர்கள் செய்த ‘குற்றம்’. வயதான பெண் ஒருவர் உயிரிழந்தார். ‘வடமாநிலக் கும்பல் இறங்கியிருக்கிறது’ என்ற வாட்ஸ்அப் வதந்தி அப்போது ஊர் ஊராகச் சுற்றியது. ஒரு படம்தான் அந்தக் கொலையைச் செய்தது என்று நாம் சொல்லவில்லை. அந்நியன் என்றால் கும்பல், கும்பல் என்றால் அடிக்கலாம் என்ற மனநிலைக்குத் தீனி போட்டவற்றில் சினிமாவும் ஒன்று என்றே சொல்கிறோம்.

2012 பிப்ரவரியில் சென்னை வேளச்சேரியில் வங்கிக் கொள்ளைச் சந்தேகத்தில் ஐந்து பேர் ஒரே வீட்டில் சுட்டுக் கொல்லப்பட்டபோது, நீதிமன்றம் என்ற ஒன்று இருப்பதையே பலர் மறந்து கைதட்டினார்கள். 2015 ஏப்ரல் 7 அன்று சேஷாசலம் காட்டில் ஆந்திர போலீஸ் 20 தமிழ்த் தொழிலாளர்களைச் சுட்டது. அதில் நம் மாவட்டத்தவர் பலர். செய்தியில் அவர்கள் ‘செம்மரக் கடத்தல்காரர்கள்’. 2021-இல் ‘புஷ்பா’ வந்தது. அதே காட்டில் கடத்தலில் மேலே ஏறியவன் கதாநாயகன் ஆனான். கோடாரி பிடித்துச் செத்தவர்களுக்கு எந்தப் படத்திலும் பெயர் இல்லை.

களத்தில் வேலை செய்யும் நமக்கு இது புத்தகச் செய்தி அல்ல. பக்கத்தில் எங்காவது திருட்டு நடந்தால் இருளர் குடியிருப்பில்தான் முதலில் ஜீப் வந்து நிற்கும் என்பது அந்த மக்களிடம் கேட்டால் தெரியும். பழங்குடிச் சான்றிதழுக்கு வருடக்கணக்கில் அலையவிடும் அதே அரசு, சந்தேக வழக்கு என்று வந்தால் அவர்கள் யார் என்பதில் ஒரு நிமிடம்கூடத் தயங்குவதில்லை.

போலீஸை நல்லவராகக் காட்டவே கூடாதா என்று கேட்டால், தாராளமாகக் காட்டட்டும். 2023 ஜனவரி 30 அன்று தண்டராம்பட்டு அருகே தென்முடியனூரில், பல பத்தாண்டுகளாகத் தடுக்கப்பட்டிருந்த முத்துமாரியம்மன் கோயிலுக்குள் தலித் மக்கள் காவல்துறை பாதுகாப்போடு நுழைந்தார்கள். சீருடை அரசியல் சட்டத்துக்காக நின்ற நாள் அது. அந்த நாளைப் பற்றி ஒரு வணிகப் படம் எடுக்க யாரும் வரவில்லை. ‘விசாரணை’, ‘ஜெய் பீம்’ போன்றவை வந்தன, மக்கள் பார்த்தார்கள். ஆக, ரசிகர்கள் ஏற்க மாட்டார்கள் என்ற சாக்கும் செல்லாது.

பத்திரிகையாளர் சுகன்யா சாந்தா தொடுத்த வழக்கில் 2024 அக்டோபர் 3 அன்று உச்ச நீதிமன்றம், சிறைக் கையேடுகளில் இருந்த சாதிப் பாகுபாட்டையும், நாடோடிச் சமூகங்களைக் குற்ற இனமாகப் பார்க்கும் விதிகளையும் அரசியல் சட்டத்துக்கு விரோதமானவை என்று சொல்லிவிட்டது. சிறைப் பதிவேட்டிலிருந்து சாதிப் பத்தியை நீக்கச் சொன்னது. சட்டப் புத்தகத்தில் செல்லாத ஒன்று திரைக்கதையில் மட்டும் எப்படிச் செல்லும்?

தணிக்கை வாரியத்திடம் மனுக் கொடுத்து ஒரு சொல்லை வெட்டுவதால் இது தீராது. கல்லூரித் திரைப்படக் கழகங்களில் இருக்கும் தோழர்கள் ஆகஸ்ட் 31, விமுக்தி நாளில் இந்தப் படத்தையே போடுங்கள். சீர்மரபினர், இருளர், குறவர் சமூகத்து மாணவர்களை மேடைக்கு அழைத்து முதலில் பேசச் சொல்லுங்கள். நாம் உட்கார்ந்து கேட்போம். இதுவரை அந்த மக்களைப் பற்றிப் பேச எல்லோருக்கும் மைக் கிடைத்திருக்கிறது, அவர்களைத் தவிர.