பட்டினி போட்டால் சாவது யார்?

காலையில் கடற்கரைச் சாலையில் என்னோடு நடக்கும் நண்பருக்கு வயது 74. குடலில் புற்றுநோய். ஆபரேஷன் முடிந்து கீமோதெரபி நடந்துகொண்டிருந்தது. சில வாரம் நடக்க வரவில்லையே என்று வீட்டுக்குப் போனால், ஆள் பாதியாகியிருந்தார். சோறு கிடையாது, இட்லி கிடையாது, ஒரு வாழைப்பழம் கூடக் கிடையாது. "சர்க்கரைதான் மாமா புத்துநோய்க்குத் தீனி. தீனியை நிறுத்தினா அது செத்துடும்" என்றான் மகன். பாசமான பிள்ளை. ராத்திரியெல்லாம் கண்விழித்து அப்பாவைப் பார்த்துக்கொள்கிறவன். ஆனால் உடம்பு தாங்காது என்று டாக்டர் அடுத்த கீமோவைத் தள்ளி வைத்துவிட்டார்.

அந்த யோசனை எங்கிருந்து வந்தது தெரியுமா? வாட்ஸ்அப்பில். 'நோபல் பரிசு பெற்ற விஞ்ஞானி சொன்ன உண்மை, மருந்துக் கம்பெனிகள் மறைத்த ரகசியம்' என்ற செய்தி. அதை அந்த வீட்டுக்கு அனுப்பியவர்களில் நானும் ஒருவன். முப்பது வருடத்துக்கு மேல் கோப்பு பார்த்தவன் நான். உத்தரவு எண்ணும் தேதியும் சரிபார்க்காமல் ஒரு குறிப்பு எழுதியதில்லை. இதை மட்டும் படித்ததும் தட்டிவிட்டேன். அந்தக் குற்றவுணர்வில்தான் இப்போது கோப்பைத் திறக்கிறேன்.

விஞ்ஞானி பெயர் ஓட்டோ வார்பர்க், ஜெர்மானியர். நோபல் பரிசு உண்மை, வருடம் 1931. ஆனால் எதற்காக? செல் சுவாசிக்க உதவும் நொதியைக் கண்டறிந்ததற்காக. புற்றுநோய்க்கு மருந்து கண்டுபிடித்ததற்காக அல்ல. செய்தியின் முதல் வரியிலேயே முத்திரை தவறு.

அவர் கண்டது பொய்யா? இல்லை. நம் செல்களுக்குள் மைட்டோகாண்ட்ரியா என்ற நுண்ணிய அடுப்புகள் உள்ளன. ஒரு குளுக்கோஸ் மூலக்கூறை அங்கே ஆக்ஸிஜனோடு முழுக்க எரித்தால் செல்லுக்குச் சுமார் 30 ஏ.டி.பி. கிடைக்கும், ஏ.டி.பி. என்பது செல்லின் சில்லறைக் காசு மாதிரி. அந்த அடுப்புக்குப் போகாமல் பாதியில் உடைத்தால் கிடைப்பது 2 தான். புற்றுக் கட்டிகள் ஆக்ஸிஜன் இருக்கும்போதே குளுக்கோஸை அள்ளி விழுங்கி, பாதியில் உடைத்து, லாக்டிக் அமிலமாக வெளியேற்றுவதை வார்பர்க் 1920-களில் பார்த்தார். இன்றைய பெட் ஸ்கேன் கட்டியைக் காட்டிக்கொடுப்பதும் இந்தக் குளுக்கோஸ் பசியை வைத்துத்தான்.

தவறு அடுத்த படியில். அடுப்பு பழுதானதுதான் புற்றுநோய்க்கு மூலகாரணம் என்று வார்பர்க் கடைசிவரை வாதாடினார். பிறகு பார்த்தால், பெரும்பாலான புற்றுச் செல்களில் மைட்டோகாண்ட்ரியா நன்றாகவே வேலை செய்கிறது. நியூசிலாந்து விஞ்ஞானிகள் 2015-இல் ஒன்றைக் காட்டினார்கள். மைட்டோகாண்ட்ரியாவின் மரபுப்பொருளை நீக்கிய புற்றுச் செல்களை எலிக்குள் வைத்தபோது கட்டி வளரத் தாமதமானது. அந்தச் செல்கள் எலியின் செல்களிடமிருந்து மைட்டோகாண்ட்ரியாவை வாங்கிக்கொண்ட பிறகே மறுபடி சுவாசித்து வளர்ந்தன. வேண்டாத அடுப்பை யாராவது பக்கத்து வீட்டிலிருந்து தூக்கி வருவார்களா?

சரி, சோற்றை நிறுத்தினால் கட்டிக்குக் குளுக்கோஸ் நின்றுவிடுமா? நிற்காது. ரத்தத்தில் சர்க்கரை வற்றிப்போகக் கல்லீரல் விடாது. சோறு வராவிட்டால் தசையைக் கரைத்து அந்தப் புரதத்திலிருந்து சர்க்கரை செய்யும். போதாததற்கு, புற்றுச் செல்கள் குளூட்டமின் போன்றவற்றையும் தின்று பிழைக்கும். ஆக, பட்டினியில் முதலில் கரைவது நண்பரின் தொடையும் தோளும்தான். தசை கரைந்தவருக்குக் கீமோவைத் தாங்கும் தெம்பும் குறைகிறது.

இன்னொரு சாட்சி நம்மில் பலரின் மாத்திரை டப்பாவிலேயே இருக்கிறது: மெட்ஃபார்மின். 1957-இல் பிரான்சின் ழான் ஸ்தெர்ன் இதைச் சர்க்கரை நோய்க்குப் பயன்படுத்தி எழுதினார். 'குளுக்கோஃபாழ்' என்று பெயர் வைத்தார்கள். பிரெஞ்சு வழியில் படித்தவர்களுக்கு உடனே புரியும்: மனிதனைத் தின்பவன் 'ஆந்த்ரோபோஃபாழ்', குளுக்கோஸைத் தின்பது 'குளுக்கோஃபாழ்'. இது மைட்டோகாண்ட்ரியாவின் வேலையையும் ஓரளவு மட்டுப்படுத்துகிறது. எனவே புற்றுநோய்க்கும் உதவுமோ என்ற நியாயமான நம்பிக்கை எழுந்தது. மார்பகப் புற்றுநோய் வந்த, ஆனால் சர்க்கரை நோய் இல்லாத 3,600-க்கும் மேற்பட்டோரிடம் சோதித்தார்கள். 2022-இல் வெளியான முடிவு: நோய் திரும்புவதைத் தடுப்பதில் ஒட்டுமொத்தமாகப் பலனில்லை. மருந்துக்கே இந்தக் கதி என்றால், வாழைப்பழத்தைப் பிடுங்குவதற்கு என்ன ஆதாரம்?

இந்த ஆராய்ச்சியே வீண் என்று நான் சொல்லவில்லை. மைட்டோகாண்ட்ரியாவுக்குள் இருக்கும் ஐ.டி.எச்.-2 என்ற நொதி கெட்டுப்போவதால் சிலருக்கு ஒருவகை ரத்தப் புற்றுநோய் வருகிறது. அந்த நொதியை மட்டும் அடக்கும் மாத்திரைக்கு 2017-இல் அமெரிக்கா அனுமதி தந்தது. பூட்டைப் பார்த்துச் சாவி செய்வது இதுதான். நாம் செய்வது, வீட்டையே கொளுத்தித் திருடனைப் பிடிக்கிற வேலை.

"அப்படியானால் ஜிலேபி தின்னச் சொல்கிறீரா?" என்று யாராவது கேட்பார்கள். இல்லை. சர்க்கரை நோய் இருந்தால் கட்டுப்பாடு வேண்டும், உடல் பருமனும் ஆபத்துதான். ஆனால் எதை நிறுத்துவது, எவ்வளவு நிறுத்துவது என்பதை நோயாளியின் எடையைப் பார்த்து டாக்டர் சொல்லட்டும். ரிட்டயர் ஆகிப் பொழுது போகாமல் போனைத் தடவும் நாம் வேண்டாம். கம்பெனிகளின் பேராசையைத் திட்டுவோம், நியாயம்தான். நம் விரலின் அவசரத்தை யார் திட்டுவது?

மறுபடி அந்த வீட்டுக்குப் போய், நான் அனுப்பியது தவறு என்று மகனிடமே சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தான். பிறகு டாக்டருக்குப் போன் செய்து, அப்பாவுக்கு என்ன கொடுக்கலாம் என்று கேட்டு ஒரு தாளில் எழுதிக்கொண்டான். அன்று மத்தியானம் நண்பர் குழைந்த சோறும் அவித்த முட்டையும் சாப்பிட்டார். குணமாவாரா என்பது டாக்டர் கையிலும் கடவுள் கையிலும் இருக்கிறது. பசியோடு படுக்கவிடாமல் இருப்பது நம் கையில்தான் இருக்கிறது.