யாருடைய வரவு, யாருடைய செலவு?

ஆற்றை மறித்து அணை கட்டுவதா, அனல் மின்நிலையம் அமைப்பதா என்ற வினா எழும்போதெல்லாம் நம்மவரில் இரு சாரார் புறப்பட்டுவிடுகின்றனர். நிபுணர்கள் கணக்குப் போட்டுவிட்டார்கள், நாம் ஏன் குறுக்கே நிற்க வேண்டும் என்பர் ஒரு சாரார். படைப்பைப் பணத்தால் அளப்பதே பாவம் என்று கணக்கேட்டையே வீசியெறிவர் மற்றோர். இருவருமே எளியவரைக் கைவிடுகின்றனர் என்பது என் வழக்கு.

பயன்-செலவு ஆய்வு மந்திரமன்று. திட்டத்தின் நன்மைகளையும் செலவுகளையும் ஆண்டுவாரியாகப் பணமாக்கி, வருங்காலத் தொகைகளைக் கழிவு வீதத்தால் குறைத்து, இன்றைய மதிப்பில் எது மிஞ்சுகிறது என்று பார்ப்பதே அது. சூட்சுமம் அந்தக் கழிவு வீதத்தில் ஒளிந்திருக்கிறது. 10 விழுக்காடு எனக் கொண்டால், 50 ஆண்டுகள் கழித்து வரும் நூறு ரூபாய் இன்று ஏறத்தாழ 85 காசு; 3 விழுக்காடு எனக் கொண்டால் ஏறத்தாழ 23 ரூபாய். நம் பேரப்பிள்ளைகள் இழக்கப்போகும் காட்டின் மதிப்பு இவற்றுள் எது? குறைந்த வீதமே அறம் என்று அவசரப்பட்டுவிடவும் வேண்டாம். தொடக்கத்தில் பெருமுதல் கேட்டு நெடுங்காலம் உழைக்கும் அணைக்கும் அதே குறைந்த வீதந்தான் சாதகம். ஆண்டுதோறும் எரிபொருள் தின்னும் அனல் நிலையத்துக்கோ உயர்ந்த வீதம் கைகொடுக்கும்.

இதனினும் பெரிய குறை வேறொன்று. 1936ஆம் ஆண்டின் அமெரிக்க வெள்ளத் தடுப்புச் சட்டம், பயன் யாரைச் சேர்ந்தாலும் சரி, அது செலவை விஞ்ச வேண்டும் என்று விதித்தது. 1939இல் கால்டார், ஹிக்ஸ் எனும் பொருளியலார் இருவர் இதற்கொரு தத்துவமும் தந்தனர்: ஆதாயம் பெறுவோர் இழப்போருக்கு ஈடு செய்துவிட்டும் மிச்சம் காண இயலுமாயின் போதுமாம். ஈடு செய்ய இயல வேண்டும், அவ்வளவே; செய்ய வேண்டுமென்ற கட்டாயமில்லை! நகரத்துக்கு விளக்கு, மலைவாசிக்கு வெளியேற்றம். கூட்டிக் கழித்தால் நாடு இலாபத்தில். இதையா நாம் கைகட்டி ஏற்பது?

ஆயினும் கணக்கைத் துறந்தவர்கள் அமைதிப் பள்ளத்தாக்கை எண்ணிப் பார்க்கட்டும். பாலக்காடு மாவட்டத்தில் குந்திப்புழையின் குறுக்கே 120 மெகாவாட் நீர்மின் திட்டம் முன்மொழியப்பட்டபோது, கேரள சாஸ்திர சாகித்ய பரிஷத் முழக்கமிட்டதோடு நின்றுவிடவில்லை. பொறியியலும் பொருளியலும் தாவரவியலும் கற்றோர் ஒன்றுகூடி, 1979இல் தம் சொந்த மதிப்பீட்டையே வெளியிட்டனர். மழையை மட்டும் நம்பியிராமல் மலபாருக்கு அனல் மின்நிலையம் அமைக்கலாம், கம்பிகளில் வீணாகும் மின்சாரத்தை மிச்சப்படுத்தலாம் என்று மாற்று வழிகளையும் முன்வைத்தனர். 1983இல் திட்டம் கைவிடப்பட்டது. மறு ஆண்டே அவ்விடம் தேசியப் பூங்காவாயிற்று. கவிஞர்களின் பங்கை நான் மறுக்கவில்லை. ஆனால் மின்வாரியத்தின் கணக்குக்கு எதிர்க்கணக்கு மேசைமீது இல்லாதிருந்தால், அக்கவிதைகளை யார் பொருட்படுத்தியிருப்பர்?

பெருந்திட்டங்களுக்குப் பொதுமக்கள் கருத்துக்கேட்புக் கூட்டம் நடத்த வேண்டுமென்பது 1997 முதல் இந்நாட்டில் விதி. அடுத்த முறை அத்தகைய கூட்டம் நம் பங்கின் எல்லைக்குள் நடக்கும்போது மனுவோடு மட்டும் போகாதீர்கள். கழிவு வீதம் என்ன, எந்தெந்த மாற்றுகளோடு ஒப்பிட்டீர்கள், இழப்போர் பெயர்ப்பட்டியல் எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்று கேளுங்கள். விடை எழுத்தில் வரும்வரை நாற்காலியை விட்டு எழாதீர்கள்.