"பால் வருதா?" என்று கேட்காதீர்கள்



ஆண் வாத்தியார் இதையெல்லாம் எழுதலாமா என்று எங்கள் வீட்டம்மாவே கேட்டாள். எழுதித்தான் ஆக வேண்டும்.

போன வாரம் சொந்தத்தில் ஒரு பெண்ணுக்கு எட்டாம் மாதமே பிரசவம் ஆகிவிட்டது. பார்க்கப் போயிருந்தேன். நான் இருந்த அரை மணி நேரத்தில் நாலு பேர் வந்தார்கள். நாலு பேரும் கேட்டது ஒரே கேள்வி: "பால் வருதா?" நாலாவது ஆளுக்கு அவள் பதில் சொல்லவில்லை. சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

மூன்று வருஷம் முன்னால் என் மகளும் இப்படித்தான் திரும்பிப் படுத்தாள். அன்றைக்குக் கேட்டவன் நான்.

பேத்தி முப்பதாவது வாரத்தில் பிறந்தாள். 1 கிலோ 250 கிராம். உறிஞ்சுவது, விழுங்குவது, மூச்சு விடுவது மூன்றும் சேர்ந்து வர ஏறக்குறைய 34 வாரம் ஆக வேண்டும். அதுவரை குழாய் வழியாகத்தான் பால். பிள்ளை வாய் வைத்து இழுக்க இழுக்கத்தான் தாய்க்குப் பால் ஊறும். இங்கே இழுக்கப் பிள்ளை பக்கத்திலேயே இல்லை. அந்த வேலையைக் கையும் பம்பும் செய்ய வேண்டும். இது எனக்குத் தெரியவில்லை. மகளுக்குப் பால் இல்லை, அவ்வளவுதான் என்று நினைத்துவிட்டேன்.

அந்த வார்டில் ஒரு நர்ஸ், என்னிடம் ஐந்தாம் வகுப்பு படித்த பெண். என்னைத் தனியே கூப்பிட்டு, "சார், 'பால் வருதா'ன்னு கேக்காதீங்க. மூணு மணி நேரத்துக்கு ஒரு தடவ எடுக்க வைங்க. ராத்திரியும் விடக் கூடாது. ஒரு நாளைக்கு எட்டுத் தடவைக்குக் குறையக் கூடாது. சொட்டு வந்தாலும் சரி, வராட்டியும் சரி" என்றாள். மார்க்கைப் பார்க்காதே, வருகைப்பதிவு எடு என்று வாத்தியாருக்கே சொல்லிக்கொடுத்தாள்.

நாற்பது பக்க நோட்டு ஒன்று வாங்கிக் கோடு போட்டுக் கொடுத்தேன். தேதி, நேரம், இரண்டே கட்டம். அளவு எழுத இடமே வைக்கவில்லை.

முதல் நாள் கையால் பிதுக்கி எடுத்தது இங்க் ஃபில்லரில் பாதிகூட இல்லை. மஞ்சள் நிறச் சீம்பால். முன்பெல்லாம் கெட்ட பால் என்று பீய்ச்சி ஊற்றிவிடுவார்கள். அந்தச் சொட்டைத்தான் பிள்ளையின் கன்னத்துக்கு உள்ளே தடவினார்கள். குறைமாதப் பிள்ளைக்குக் குடல் முற்றியிருக்காது. உயிரைக் குடிக்கும் ஒரு குடல் நோய் வரப் பார்க்கும். தாய்ப்பால் குடிக்கும் பிள்ளைகளுக்கு அது குறைவு.

மீதி தேவைக்குத் தாய்ப்பால் வங்கியிலிருந்து கொடுத்தார்கள். "யாரோ பெத்தவ பாலா?" என்று சொந்தத்திலேயே முகம் சுளித்தார்கள். ரத்தப் பரிசோதனை செய்த தாய்மார்களிடம் வாங்கி, 62.5 டிகிரியில் அரை மணி நேரம் சூடாக்கிக் கொடுக்கும் பால் அது. மும்பை சயான் மருத்துவமனையில் 1989-லேயே இப்படி வங்கி தொடங்கிவிட்டார்கள். பவுடர் டப்பாவுக்குச் சுளிக்காத முகம் இதற்கு ஏன் சுளிக்க வேண்டும்?

வீட்டில் பால் சுறா, பூண்டு, முருங்கைக்கீரை என்று சமையல் நடந்தது. சாப்பிடட்டும், தாய்க்கு வயிறு நிறைய வேண்டும். ஆனால் எடுக்காமல் விட்ட மார்பில் எந்தச் சுறாவும் பால் கொண்டுவராது. அதைவிடக் கொடுமை, தண்ணீர் குடித்தால் வயிற்றில் கோத்துக்கொள்ளும் என்று ஒரு பெரியம்மா செம்பையே எடுத்து வைத்துவிட்டார். தாகத்தோடு இருப்பவளிடம் பாலை மட்டும் கேட்டால் எப்படி?

மகளை டிஸ்சார்ஜ் செய்துவிட்டார்கள், பிள்ளை அங்கேயே. அதன் பிறகு ஆளுக்கொரு வேலை. ராத்திரி இரண்டு மணி அலாரம் மாப்பிள்ளை போனில். பம்ப்பைக் கழுவிக் கொதிக்க வைப்பதும் அவரே. கழுவ ஆள் இருந்தால் அவளுக்கு அரை மணி நேரத் தூக்கம் மிச்சம். பால் கொண்டுபோவது என் வேலை. தினமும் காலை 6 மணி பஸ், மடியில் ஐஸ் பெட்டி. "என்ன சார், மீனா?" என்று ஒருநாள் கண்டக்டர் கேட்டார். "பேத்திக்குச் சாப்பாடு" என்றேன்.

பத்தாவது நாள் பிள்ளையைத் தாயின் வெறும் நெஞ்சில் சாய்த்துக் கட்டினார்கள். கங்காரு முறை. 1978-ல் கொலம்பியாவின் பொகோட்டாவில், இன்குபேட்டர் போதாத ஒரு மருத்துவமனையில் பிறந்த வழி. ஒரு மணி நேரம் கழித்துப் பம்ப் வைத்தபோது அதுவரை வராத அளவு வந்தது. மகள் அழுதாள். நோட்டில் அளவுக்கு என்று அவளே மூன்றாவது கோடு போட்டுக்கொண்டாள்.

எல்லோருக்கும் இப்படி முழுதாக வந்துவிடாது. எவ்வளவு முயன்றும் பாதிதான் வரும் தாய்மார்கள் உண்டு. அந்தப் பாதியும் மருந்துதான். அவர்களிடம் போய் ராசி, கொடுப்பினை என்று பேசாதீர்கள். பார்க்கப் போனால் அங்கே கழுவக் கிடக்கும் சாமானைக் கழுவிவிட்டு வாருங்கள்.

அந்த ஐஸ் பெட்டி இன்னும் எங்கள் வீட்டுப் பரண் மேல் இருக்கிறது. யாருக்காவது வேண்டுமென்றால் போன் செய்யுங்கள். நானே கொண்டுவந்து தருகிறேன்.