பெயர் வரிசையும் வாரக் கணக்கும்

கும்பகோணத்தில் படித்து வளர்ந்த ராமானுஜனும் கேம்பிரிட்ஜ் ஹார்டியும் சேர்ந்து, ஓர் எண்ணை எத்தனை விதமான கூட்டுத்தொகைகளாகப் பிரிக்கலாம் என்பதற்கு வழி கண்டு 1918-ல் வெளியிட்ட கட்டுரையில், ஹார்டியின் பெயர் முன்னும் நம்மவர் பெயர் பின்னும் நிற்பதைக் கண்டு எவரும் மனம் வருந்த வேண்டியதில்லை. ஆங்கில அகராதிக் கிரமப்படி பெயர்களை அடுக்குவதே கணித சாஸ்திரிகளின் சம்பிரதாயம்; அங்கே முந்தியவர், பிந்தியவர் என்ற பேச்சுக்கே இடமில்லை.

பரிசோதனைச் சாலைகளில் விஷயம் இவ்வளவு சுலபமன்று. திருவானைக்காவலில் பிறந்த சி.வி. ராமனும் வத்திராயிருப்பில் பிறந்த கே.எஸ். கிருஷ்ணனும் சேர்ந்து எழுதி, 1928 மார்ச் 31-ஆம் தேதி 'நேச்சர்' சஞ்சிகையில் வெளிவந்த ஒளிச்சிதறல் பற்றிய சிறு குறிப்பில், அகராதிக் கிரமம் பார்த்திருந்தால் கிருஷ்ணனே முந்தியிருப்பார்; ஆனால் ராமன் முந்தினார். அந்தப் பிரச்சினையை 1921 முதல் விடாமல் பின்தொடர்ந்தவர் என்ற முறையில் அந்த ஸ்தானம் அவருக்கு உரியதே என்பது என் அபிப்பிராயம். ஆயினும், சூரிய ஒளியைப் பாய்ச்சி அறுபது திரவங்கள் வரை சோதித்த அந்த உழைப்பில் கிருஷ்ணனின் பங்கு எவ்வளவு என்ற தர்க்கம், கண்டுபிடிப்பும் 1930-ஆம் ஆண்டு நோபல் பரிசும் ஒருவர் பெயருக்கே போய்விட்டபடியால், இன்றளவும் ஓயவில்லை. இரண்டு பெயர்களை முன்பின்னாக அச்சிடுவதால், யார் எதைச் செய்தார் என்பது எப்படி விளங்கும்?

விவசாய ஆராய்ச்சியில் சிக்கல் இன்னும் அதிகம். 1922-ல் ஏற்பட்ட ஆடுதுறை நெல் ஆராய்ச்சி நிலையம் போன்ற இடத்தில் இரண்டு ரகங்களைக் கலப்பதென்றால், மறுநாள் பூக்கவிருக்கும் பூவின் உமி நுனியைக் கத்தரித்து, உள்ளிருக்கும் ஆறு மகரந்தப் பைகளையும் இடுக்கியால் களைந்து, கதிருக்குக் காகித உறை மாட்டி, மறுநாள் காலையில் வேற்று ரகத்தின் மகரந்தத்தைத் தூவ வேண்டும். ஒரு பை தப்பினாலும் கலப்பு கெட்டது. குனிந்த தலை நிமிராமல் இதைச் செய்பவர் பெரும்பாலும் வயல் உதவியாளரோ மாணவரோதான். விளைந்த ரகம் 'ஆடுதுறை 27' என்று ஊர்ப் பெயரோடும் இலக்கத்தோடும் வெளியே போய்விடுகிறது. அதில் எவருக்கும் மனத்தாங்கல் இல்லை. அதைப் பற்றிய கட்டுரை எழுதும்போதுதான், வேலை செய்தவர் முதலில், துறைத்தலைவர் கடைசியில், இடையில் தாட்சணியத்துக்காகச் சேர்ந்தவர்கள் என்று வழக்கு வளர்கிறது.

ஆடுதுறை இருக்கும் தஞ்சையோ, விளைச்சலைப் பங்கிடும் வாரச் சண்டையை நன்கறிந்த ஜில்லா. அறுத்த நெல் களத்தில் குவிந்த பிறகு பங்கு பேசினால் வலியவன் சொன்னதே அளவு என்பதை உணர்ந்துதான், 1952-ல் தஞ்சைச் சாகுபடியாளருக்கும் பண்ணையாளுக்கும் சட்டமும், 1956-ல் நன்செயில் நிலச்சொந்தக்காரருக்கு நூற்றுக்கு 40 என்ற நியாய வாரமும் வந்தன. ஆராய்ச்சியிலும் பங்கு விதைப்புக்கு முன்பே எழுதப்பட வேண்டும். வேலை கைமாறினால் திருத்தி எழுதவும் வேண்டும். பணம் வாங்கித் தந்ததும் தலைமை வகித்ததும் மட்டுமே ஒருவரை ஆசிரியராக்கிவிடா என்று சர்வதேச மருத்துவ சஞ்சிகை ஆசிரியர்கள் விதித்திருப்பதை நெல் ஆராய்ச்சிக்கும் கொள்ளலாம். மகரந்தப் பை களைந்தவர், எந்தச் செடியைக் கழிப்பது என்பதிலும் யோசனை சொல்லி, கட்டுரை எழுதுவதிலும் கைகொடுத்திருந்தால் அவர் பெயர் வரிசையில் ஏறட்டும்; கைத்திறன் மட்டுமே தந்திருந்தால், நன்றியுரையில் 'பணியாளர்கள்' என்று மொத்தமாகச் சொல்லாமல் பெயர் சொல்லியே குறிக்கட்டும்.

இந்தப் பேச்சை மாணவன் தானே எடுப்பான் என்று எதிர்பார்ப்பது வீண்; அவன் பட்டத்துக்குரிய கையெழுத்து வழிகாட்டியிடம் அல்லவா இருக்கிறது! ஆகவே, பங்குப் பத்திரம் இல்லாத ஆராய்ச்சித் திட்டத்தைப் பதிவு செய்வதில்லை என்று பல்கலைக்கழகங்களே விதி செய்துவிட வேண்டும்.