கூட்டத்தின் மேல் பழி போடாதே!

கால்பந்து பார்க்கப் போனவன் பிணமாகத் திரும்புகிறான். மறுநாள் பத்திரிகையில் என்ன வருகிறது? "ரசிகர்களின் வெறி", "கட்டுக்கடங்காத கூட்டம்", "நெரிசலில் சிக்கிப் பலி". வாசலைப் பூட்டியது யார், பாதையைக் குறுக்கியது யார், கண்ணீர்ப்புகைக் குண்டை எறிந்தது யார் என்று ஒரு வரி இராது. செத்தவனே கொலைகாரன் என்று தீர்ப்பு எழுதி, கணக்கை முடித்துவிடுகிறார்கள்.

இது பொய். ஏதோ ஒரு தேசத்தில் ஒரு தடவை சொன்ன பொய்யல்ல. தேசம் தேசமாக, ஒரே அச்சில் வார்த்து எடுக்கும் பொய்.

"சீமையில் பந்து பார்க்கப் போனவனைப் பற்றி, கல்லிடைக்குறிச்சியில் நாற்று நடுகிறவனுக்கும் விக்கிரமசிங்கபுரத்தில் நூல் நூற்கிறவனுக்கும் என்ன கவலை?" என்று கேட்பார் உண்டு. கவலை இருக்கிறது, தோழர்களே! தன் அணியின் பின்னால் கடல் கடந்து போகிறவர்களெல்லாம் லட்சாதிபதிகள் அல்ல. லிவர்பூல் என்பது கப்பல்துறைத் தொழிலாளிகளால் வளர்ந்த ஊர். வாரக் கூலியில் மிச்சம் பிடித்து டிக்கெட் வாங்குகிற ஜனங்கள் அங்கே ஏராளம். அந்நிய ஊரில் அவர்களை எப்படி நடத்துகிறார்களோ, அப்படியேதான் சொந்த ஊரில் நம்மை நடத்துகிறார்கள். பாஷை வேறு, தடி ஒன்றுதான்.

பாரிசில் நடந்தது

2022 மே 28. பாரிஸ் நகரை அடுத்த மைதானத்தில் ஐரோப்பியச் சாம்பியன் கோப்பைக்கான இறுதி ஆட்டம். இங்கிலாந்தின் லிவர்பூல் அணியும் ஸ்பெயினின் ரியல் மாட்ரிட் அணியும் மோதின. ரயிலில் வந்து இறங்கிய லிவர்பூல் ரசிகர்களை ஒரு நெடுஞ்சாலைப் பாலத்தின் அடியில், குறுகலான வழியில் திருப்பிவிட்டார்கள். அந்தக் குறுகல் வழியிலும் போலீஸ் வண்டிகளை நிறுத்தினார்கள். டிக்கெட் பரிசோதனையும் அதே இடத்தில்! பின்னால் ஆயிரமாயிரமாக ஜனம் வந்து சேருகிறது; முன்னால் நகர வழியில்லை.

அதைக் கடந்து மைதான வாசலுக்குப் போனால் கதவு சாத்தியிருக்கிறது. டிக்கெட்டைக் கையில் பிடித்துக்கொண்டு மணிக்கணக்கில் நின்றார்கள். அவர்கள் மேல் கண்ணீர்ப்புகையும் மிளகுத் திரவமும் பாய்ந்தன. அந்தக் கூட்டத்தில் குழந்தைகள் இருந்தார்கள். உடல் இயலாதவர்கள் இருந்தார்கள். மாட்ரிட் ரசிகர்களும் அன்று அவதிக்குத் தப்பவில்லை. ஆட்டம் அரை மணி நேரத்துக்கு மேல் தாமதமாயிற்று. உள்ளே பெரிய திரையில் என்ன காட்டினார்கள் தெரியுமா? ரசிகர்கள் தாமதமாக வந்ததால் ஆட்டம் தாமதமாம்!

பிரெஞ்சு உள்துறை மந்திரி தர்மனான் ஒரு கணக்குச் சொன்னார். 30 ஆயிரம் முதல் 40 ஆயிரம் இங்கிலீஷ்காரர்கள் டிக்கெட் இல்லாமலும் கள்ள டிக்கெட்டோடும் வந்துவிட்டார்கள் என்றார். லிவர்பூல் கழகத்துக்கு ஒதுக்கிய டிக்கெட்டே சுமார் 20 ஆயிரம்தான். வாசல் யந்திரங்களில் பிடிபட்ட கள்ள டிக்கெட் எத்தனை? 2,589. மந்திரியின் 40 ஆயிரம் எங்கே, இந்த 2,589 எங்கே? சரி, மைதானத்துக் காமிராப் படங்களைப் பார்த்து உண்மையை அறியலாம் என்றால், யாரும் உரிய நேரத்தில் கேட்டு வாங்காததால் ஏழு நாளில் அவை அழிந்துபோயின. செனட் சபை விசாரணையில்தான் இது வெளிவந்தது.

கடைசியில், ஐரோப்பியக் கால்பந்துச் சம்மேளனம் தானே நியமித்த குழு 2023 பிப்ரவரியில் அறிக்கை கொடுத்தது. முதற்பொறுப்பு சம்மேளனத்துடையதுதான் என்று அது சொன்னது. ஒரு உயிரும் போகாமல் தப்பியதற்கு அதிகாரிகளின் சாமர்த்தியம் காரணமல்ல. ரசிகர்கள் ஒருவரையொருவர் காத்துக்கொண்டு பொறுமையாக நின்றதே காரணம் என்பதும் அதில் தெளிவாயிற்று. "வெறிக் கூட்டம்" என்று தூற்றப்பட்டவர்கள்தான் அன்று சாவைத் தடுத்தார்கள்!

27 வருஷத்துப் பொய்

அந்தப் பொறுமை எங்கிருந்து வந்தது? 1989 ஏப்ரல் 15 கற்றுக்கொடுத்த பாடம் அது. அன்று ஷெப்பீல்டு நகரத்து ஹில்ஸ்பரோ மைதானத்துக்கு லிவர்பூல் ரசிகர்கள் போயிருந்தார்கள். வெளியே நெரிசல் முற்றியதும் போலீஸ் அதிகாரி ஒரு பெரிய கதவைத் திறக்க உத்தரவிட்டார். ஆனால், ஏற்கெனவே நிரம்பி வழிந்த கம்பிக் கூண்டுகளுக்குப் போகும் சுரங்கப் பாதையை அடைக்கவில்லை. உள்ளே போனவர்கள் கம்பி வேலியோடு நசுங்கினார்கள். மொத்தம் 97 பேர் மாண்டார்கள்.

ரசிகர்களே கதவை உடைத்தார்கள் என்று போலீஸ் அதிகாரி புளுகினார். குடிகாரர்கள், பிணத்தின் பையில் திருடியவர்கள் என்று 'சன்' பத்திரிகை எழுதியது. லிவர்பூல் ஜனங்கள் என்ன செய்தார்கள்? அந்தப் பத்திரிகையைக் கையால் தொடமாட்டோம் என்று பகிஷ்கரித்தார்கள். பிள்ளையை இழந்த தாய்மார்கள் கோர்ட்டு வாசலை விடவில்லை. 2016-ல் ஜூரிகள் தீர்ப்புச் சொன்னார்கள்: இது சட்டவிரோதக் கொலை, ரசிகர்கள் மேல் குற்றமில்லை. ஒரு உண்மையை ஒப்புக்கொள்ள 27 வருஷம்! அதன்பிறகும் அந்த மரணங்களுக்காகச் சிறைக்குப் போன அதிகாரி ஒருவர்கூட இல்லை.

"ரசிகர்கள் மட்டும் யோக்கியர்களா?"

இப்படி ஒரு எதிர்வாதம் வரும். அதற்கும் பதில் சொல்கிறோம். 1985 மே 29-ல் பிரஸ்ஸல்ஸ் நகரத்து ஹெய்சல் மைதானத்தில் லிவர்பூல் ரசிகர்களில் ஒரு பகுதியினர் எதிர்த்தரப்பு மேல் பாய்ந்தார்கள். 39 பேர் செத்தார்கள், பெரும்பாலோர் இத்தாலியர். பாய்ந்தவர்களில் 14 பேருக்குத் தண்டனை கிடைத்தது. நியாயம்தான், அடித்தவனை நாம் ஆதரிக்கவில்லை. ஆனால், இற்றுப்போன சுவருள்ள மைதானத்தில் அந்த ஆட்டத்தை நடத்தியது யார்? பெயருக்கு ஒரு வேலியைப் போட்டுக் கைகழுவியது யார்?

இன்னொன்றும் கேளுங்கள். 2022 அக்டோபர் 1-ல் இந்தோனேசியாவின் மலாங் மாவட்டத்து மைதானத்தில் 135 பேர் மாண்டார்கள். எதிரணி ரசிகர்களை அன்று உள்ளேயே விடவில்லை. இருந்தவர்கள் அத்தனை பேரும் ஒரே கட்சி. தோற்ற ஆத்திரத்தில் சிலர் களத்தில் இறங்கினார்கள். போலீஸ் மாடங்களை நோக்கிக் கண்ணீர்ப்புகை எறிந்தது. மூச்சுத் திணறி ஓடியவர்கள் குறுகிய வாசல்களில் குவிந்து செத்தார்கள். மைதானத்துக்குள் கண்ணீர்ப்புகை கூடாது என்பது சர்வதேசக் கால்பந்துச் சம்மேளனத்தின் விதி. விதி காகிதத்தில், புகை ஜனங்களின் நெஞ்சில்!

கன்னடியன் கால்வாயில் மடை பார்க்கிறவனைக் கேளுங்கள். மடையை அடைத்துவிட்டு, கரை உடைந்ததும் தண்ணீரின் மேல் குற்றம் சொன்னால் ஊர் ஒப்புமா? திருநெல்வேலியில் ஆனித் தேரோட்டத்தன்று ஆயிரக்கணக்கான பேர் வடம் பிடித்து நெல்லையப்பர் தேரை இழுக்கிறார்களே, அதுவும் கூட்டம்தானே? கூட்டம் மிருகமல்ல. வழி இருந்தால் அது நடக்கும்; வழியை அடைத்தால் நசுங்கும்.

நம் நாட்டில்

நம்மவர்கள் வெளிநாட்டில் பட்டதையும் சொல்லவேண்டும். 2022-ல் கட்டார் தேசத்தில் உலகக் கோப்பை நடந்தது. அங்கே பிழைக்கப் போன மலையாளிகளும் மற்ற இந்தியர்களும் அர்ஜென்டினாக் கொடியும் இங்கிலாந்துக் கொடியும் பிடித்து ஊர்வலம் போனார்கள். உடனே ஐரோப்பியப் பத்திரிகைகளில் "போலி ரசிகர்கள், கூலிக்கு வந்தவர்கள்" என்று பேச்சு! கறுத்த தோல்காரனுக்குப் பந்தின் மேல் ஆசை இருக்கக் கூடாதா? உடலுழைப்புத் தொழிலாளிகளுக்கோ நகரத்துக்கு வெளியே, தொழிற்பேட்டை ஓரத்தில் தனியாக ஒரு திடல். மைதானம் கட்டிய கைகள் அங்கே திரையில் ஆட்டம் பார்த்தன. ஜனங்களைப் பணப்பையின் கனத்தால் பிரித்து வைப்பதற்கும் "கூட்ட நிர்வாகம்" என்றுதான் பெயர்!

கல்கத்தாவில் 1980 ஆகஸ்ட் 16-ல் ஈஸ்ட் பெங்கால், மோகன் பகான் ஆட்டம். ஈடன் தோட்ட மைதானத்தில் 16 ரசிகர்கள் மாண்டார்கள். போட்டிக் கழகங்களின் ஆட்களை ஒரே மாடத்தில் அடைத்திருந்தார்கள். களத்தில் தொடங்கிய சண்டை மாடத்துக்கும் பரவியது. அன்று அங்கே ஆட்சியில் இருந்தது இடது முன்னணி. அதற்காக நாம் வாயை மூடிக்கொள்ளப் போவதில்லை. யார் ஆண்டாலும் ஜனங்களின் உயிருக்கு ஆட்சிதான் ஜவாப்தாரி.

அதே கல்கத்தாவில் 2024 ஆகஸ்ட் 18-ல் அதே இரு அணிகளும் மோதவிருந்தன. பெண் டாக்டர் கொலைக்கு நியாயம் கேட்டு நகரமே கொதித்துக் கொண்டிருந்த நேரம். பாதுகாப்புக்குப் போதிய போலீஸ் இல்லை என்று ஆட்டத்தை ரத்து செய்தார்கள். பரம வைரிகளான இரு கழகத்து ரசிகர்களும் கைகோத்து மைதானத்தின் முன்னால் கூடினார்கள். முகமதன் கழகத்தாரும் சேர்ந்து கொண்டார்கள். அப்போது போலீஸ் எங்கிருந்தோ வந்துவிட்டது, தடியோடு! ஆட்டத்தைக் காக்க இல்லாத போலீஸ், அடிக்க மட்டும் எப்படிக் கிடைத்தது?

2025 ஜூன் 4-ல் பெங்களூரில் கிரிக்கெட் வெற்றி விழாவுக்கு ஜனங்களை அழைத்தார்கள். சுமார் 35 ஆயிரம் பேர் கொள்ளும் மைதானத்தின் வாசலில் லட்சக்கணக்கில் கூடினார்கள். 11 பேர் மாண்டார்கள். அதே வருஷம் செப்டம்பர் 27-ல் நம் கரூரில் ஓர் அரசியல் கூட்டத்தில் 41 பேர் மாண்டார்கள். பந்தானால் என்ன, மட்டையானால் என்ன, மேடையானால் என்ன? சாகிறவன் ஏழை, பழியும் ஏழைக்கே.

தாமிரபரணிக் கரையில்

இதெல்லாம் நமக்குப் புதிதா? கல்லிடைக்குறிச்சியிலிருந்து மணிமுத்தாறு வழியாக மலையேறினால் மாஞ்சோலை. அந்தத் தேயிலைத் தோட்டத் தொழிலாளருக்காகக் கூலி உயர்வு கேட்டும், சிறையிலிருந்தவர்களை விடுவிக்கக் கேட்டும் 1999 ஜூலை 23-ல் திருநெல்வேலியில் ஊர்வலம் போனார்கள். கலெக்டர் ஆபீஸ் பக்கம் போலீஸ் மறித்தது. ஒரு பக்கம் தடி, மறுபக்கம் ஆறு. 17 பேர் மாண்டார்கள். அவர்களில் பெண்கள் இருவர். ஒன்றரை வயதுப் பாலகன் ஒருவன். ஆற்றில் குதித்தவன் ஏன் குதித்தான் என்று கேட்காமல், மூழ்கிச் செத்தான் என்று மட்டும் எழுதுவது எந்த ஊர் நியாயம்? பாரிஸ் பாலத்தடியையும் கொக்கிரகுளத்தையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். வழியை அடை, அடி, பிறகு அடிபட்டவன் மேல் பழி போடு. இதுதான் அவர்கள் படித்த பாடம்.

நாம் கேட்பது

ஒன்று: கூட்டத்தைக் கூப்பிட்டவனும், அனுமதி கொடுத்தவனும் கூட்டத்தின் உயிருக்குப் பொறுப்பு. லாபம் அவனுக்கு, சாவு நமக்கு என்பது கூடாது.

இரண்டு: இடம் எத்தனை பேர் கொள்ளும், வாசல் எத்தனை, வெளியேறும் வழி எது என்று முன்கூட்டியே பகிரங்கமாக எழுதி ஒட்ட வேண்டும்.

மூன்று: அடைபட்ட இடத்தில் நிற்கும் ஜனங்கள் மேல் தடியும் கண்ணீர்ப்புகையும் கூடாது.

நான்கு: காமிராப் படங்களை அழியாமல் காத்து, விசாரணைக்குக் கொடுக்க வேண்டும்.

ஐந்து: ஏற்பாட்டை முடிவு செய்யும் இடத்தில் ரசிகர்களின், தொழிலாளர்களின் பிரதிநிதிகள் இருக்க வேண்டும்.

இவை பெரிய வரங்கள் அல்ல. தண்ணீர், வழி, வாசல், மரியாதை, அவ்வளவுதான். அடுத்த ஆட்டத்துக்கோ, திருவிழாவுக்கோ, பொதுக்கூட்டத்துக்கோ நம் ஊரில் பந்தல்கால் நடுகிறபோதே, சங்கத்தின் சார்பில் இந்த ஐந்தையும் எழுதிக் கலெக்டருக்குக் கொடுங்கள். பதிலைக் கையெழுத்தோடு கேட்டு வாங்குங்கள். லிவர்பூல் தாய்மார்கள் 27 வருஷம் விடாமல் நின்றார்கள். பிணம் விழுந்தபின் நாமும் அப்படி நிற்பதைவிட, விழுமுன் ஒரு நாள் நிற்போம்!