சாவி யார் கையில்?
பத்தாம் வகுப்புப் பையன் ட்யூஷனுக்கு ஸ்கூட்டரில் பறக்கிறான். ‘நல்லாத்தான் ஓட்டுறான்’ என்று அப்பாவுக்குப் பெருமை வேறு! 2019-இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின் 199ஏ பிரிவை அவர் கேள்விப்பட்டிருக்க மாட்டார். சிறுவர் வண்டியோட்டிக் குற்றம் செய்தால் பெற்றோருக்கோ உரிமையாளருக்கோ 3 ஆண்டு வரை சிறை, 25,000 ரூபாய் அபராதம். வண்டியின் பதிவு 12 மாதம் ரத்து. பிள்ளைக்கு 25 வயது வரை லைசென்ஸ் கிடையாது. ‘16 வயதிலேயே லைசென்ஸ் தருகிறார்களே’ என்பார்கள். அது 50 சிசிக்கு மிகாத வண்டிக்கு மட்டும். வீட்டு வாசலில் நிற்கும் ஸ்கூட்டரோ பெரும்பாலும் 100 சிசிக்கு மேல். தங்களுக்குத் தெரியாமல் நடந்தது என்று பெற்றோர் நிரூபித்தால் தப்பலாம். பால் பாக்கெட் வாங்கிவர அதே வண்டியில் அனுப்பியவர் எதை நிரூபிப்பார்? 18 முடிந்து லைசென்ஸ் வாங்கியபின்னும் கண்டிப்பு தளரக் கூடாது. ஹெல்மெட் போடவில்லையா, மூன்று பேராய் ஏறினார்களா, ஒரு மாதம் டவுன் பஸ்தான். செல்போனில் பிள்ளை போகும் இடத்தை வேவு பார்த்துக்கொண்டிருப்பதைவிட இது நேர்மையானது. சிக்னலில் நிற்காத அப்பாவின் பேச்சு எடுபடாது என்பது தனிக்கதை. லைசென்ஸ் இல்லாத பிள்ளை இருக்கும் வீட்டில், ஆணியில் தொங்கும் சாவியை இன்றைக்கே எடுத்துப் பூட்டி வையுங்கள்.