விதையைக் கேட்காத இயற்கை விவசாயம்

'ஆர்கானிக் கேரட்' என்று ஒரு சீட்டு ஒட்டினால் கிலோவுக்குக் கூடுதல் விலை சொல்லலாம் என்ற வித்தை கள்ளக்குறிச்சிக்கும் வந்துவிட்டது. என்ன உரம் போட்டீர்கள், பூச்சிக்கு என்ன தெளித்தீர்கள் என்று விசாரிக்கிறோம். என்ன விதை என்று மட்டும் கேட்பதில்லை.

கடையில் விற்கும் கேரட் விதையில் பல, பூஞ்சைக்கொல்லி பூசிச் சாயம் ஏற்றியவை. அதை விதைத்துவிட்டு மேலே பஞ்சகவ்யம் தெளித்தால் இயற்கை விவசாயம் ஆகிவிடுமா? மருந்து பூசாத விதை வேண்டும் என்பது சான்றிதழ் விதியிலேயே இருக்கிறது ஐயா!

அடுத்தது ரகம். ஊட்டி கேரட் போல நீளமாக, வழவழப்பாக வேண்டும் என்று கல்வராயன் மலைக்காரருக்கும் அதையே சிபாரிசு செய்கிறார்கள். ஊட்டி 2,200 மீட்டருக்கு மேலே. வெள்ளிமலை அதில் பாதிகூட இல்லை. கேரட்டுக்கு நிறம் பிடிக்க 15 முதல் 20 டிகிரி வெப்பம் வேண்டும். கூடினால் வெளுத்துப்போகும்.

கடைக்காரர் 'நான்டெஸ்' என்பது பிரான்ஸில் லுவார் நதிக்கரையிலுள்ள நாந்த் நகரத்தின் பெயர். பிரெஞ்சுப் பள்ளியில் படித்த காது கூசுகிறது, அது போகட்டும். அந்த ரகம் ஆழமான, பொலபொலப்பான மண்ணுக்கானது. சரளைச் செம்மண்ணில் விரல் விரலாகப் பிரியும். அதே நகரத்துப் பகுதியான ஷாந்தெனேயின் பெயர் கொண்ட குட்டைக் கேரட் இறுகிய மண்ணையும் தாங்கும். அதைச் சொல்வாரில்லை.

வீரிய ஒட்டு ரகம் ஒரே சீராக விளையும், வியாபாரி எடுப்பார் என்பார்கள். உண்மைதான். ஆனால் அதில் விதை எடுத்தால் அடுத்த முறை தாயைப் போல வராது. நாந்த் போன்ற குளிர்நாட்டு ரகங்களோ, பல வாரம் கடுங்குளிர் படாமல் பூக்கவே பூக்காது. சாமை விதையை வீட்டிலேயே சேர்த்துவைக்கும் மலை மக்கள், கேரட்டுக்கு மட்டும் வருஷா வருஷம் கடைவாசலில் நிற்க வேண்டுமா?

டெல்லி இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழகத்தின் பூசா கேசர், பூசா ருதிரா என்ற சிவப்பு ரகங்கள் வட இந்தியச் சமவெளியிலேயே விதை வைப்பவை. இங்கே எப்படி வரும்? அதைச் சோதித்துச் சொல்லத்தானே சம்பளம் வாங்கும் துறை இருக்கிறது! மானியப் பொட்டலம் கொடுக்குமுன், மலையில் நாலு ரகத்தைப் பக்கத்துப் பக்கத்தில் விதைத்து ஒரு குளிர்காலம் பாருங்கள். விளைச்சலையும், விதை வைத்ததா என்பதையும் தமிழில் எழுதி ஊராட்சி அலுவலகச் சுவரில் ஒட்டுங்கள்.

வாங்குகிற நாமும் குட்டைக் கேரட்டை ஒதுக்கித் தள்ளாமல், விதை எது என்று கேட்டு வாங்குவோம்.